கட்டைக்கு விரல் தெரிய வேண்டும்

வெண்டி கார்லோஸை ஸ்பாட்டிஃபையில் தேடாதீர்கள், கிடைக்க மாட்டார். ஆப்பிள் மியூசிக்கிலும் இல்லை. யூடியூபில் யாராவது ஏற்றிவைத்த துண்டுகள் கொஞ்ச நாள் இருக்கும், அப்புறம் காணாமல் போகும். பழைய சிடி கையில் சிக்கினால் உண்டு, அதற்கும் விற்பவர் சொல்வதுதான் விலை. அமெரிக்காவில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் விற்று பிளாட்டினம் வாங்கிய 'ஸ்விட்ச்டு-ஆன் பாக்' என்ற அவருடைய ரெக்கார்டின் இன்றைய நிலை இது. இதனாலேயே எலக்ட்ரானிக் இசையின் கதையைச் சொல்ல உட்காருபவர்கள் நேராக கிராஃப்ட்வெர்க் என்ற ஜெர்மன் குழுவில் போய் இறங்குகிறார்கள். லிங்க் கொடுக்க வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கார்லோஸைப் பற்றிக் கிடைக்கும் கட்டுரைகளில் பாதி, 'கிராமி வாங்கிய திருநங்கை' என்று ஆரம்பித்து அங்கேயே முடிந்துவிடும். மறுபாதி, 'மூக் சிந்தசைசரைப் பிரபலமாக்கியவர்' என்று ஒரே வரியில் ஆளைக் கணக்குத் தீர்த்துவிடும். இரண்டுமே எனக்குப் போதவில்லை. முதல் வகையை அவரே வெறுக்கிறார், தன் உடம்பைப் பற்றி ஊர் பேசுவதில் அவருக்கு எந்த விருப்பமும் இல்லை. இரண்டாவது வகை அவரை ஏதோ விளம்பரத் தூதர் மாதிரி ஆக்கிவிடுகிறது. மின்சாரத்திலேயே ஒலியை உண்டாக்கும் அந்த மூக் கருவி எப்படி இருக்க வேண்டும் என்பதையே தீர்மானித்தவர்களில் அவர் ஒருவர். அந்தக் கருவியில் உழைத்து உழைத்து, மெஷினிலும் ஒருவர் 'வாசிக்க' முடியும் என்று காட்டியவர். திருநங்கை என்ற விஷயம் அவர் இசைக்குள் எங்கே வருகிறது என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான்: அவர் வந்திருக்க வேண்டிய மேடைகளில் அவர் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

1939-ல் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பாடக்கெட் என்ற மில் ஊரில் பிறந்தார். பிரவுன் பல்கலைக்கழகத்தில் இசையும் இயற்பியலும் சேர்த்துப் படித்தார். அடுத்து நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இசையமைப்பில் முதுகலை. அங்கே கொலம்பியா-பிரின்ஸ்டன் எலக்ட்ரானிக் மியூசிக் சென்டர் என்று ஒன்று இருந்தது. ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நின்ற ஆர்சிஏ சிந்தசைசர் அங்கேதான் இருந்தது. காகிதச் சுருளில் துளை போட்டு அதற்குக் கட்டளை கொடுக்க வேண்டும். விளாடிமிர் உசாசெவ்ஸ்கி, ஓட்டோ லூனிங் எல்லாம் அங்கே ஆசிரியர்கள். ஆனால் அந்தக் காலத்துப் பல்கலைக்கழக எலக்ட்ரானிக் இசை எப்படிப்பட்டது என்றால், யாராவது அதைக் கேட்டு ரசித்துவிட்டால் எழுதியவருக்கே சந்தேகம் வந்துவிடும். மெட்டு கூடாது, தாளம் கூடாது, கேட்பவர் தலையாட்டவே கூடாது. கார்லோஸுக்கு இது பிடிக்கவில்லை. இவ்வளவு அருமையான கருவிகளை வைத்துக்கொண்டு ஏன் இவ்வளவு அழகில்லாத இசை என்பது அவர் கேள்வி.

1964-ல் நியூயார்க்கில் நடந்த ஆடியோ பொறியாளர் சங்க மாநாட்டில் ராபர்ட் மூக்கைச் சந்தித்தார். கடை விரித்துவிட்டு மூக் அங்கேயே கண்ணயர்ந்திருந்தாராம், இவர் போய் எழுப்பியிருக்கிறார். அங்கே ஆரம்பித்த பழக்கம் ஒரு வாடிக்கையாளர் உறவாக நிற்கவில்லை. மூக் செய்து அனுப்புவார், இவர் வாசித்துப் பார்த்துக் குறை சொல்லி எழுதுவார், மூக் திருத்துவார்.

சொன்ன குறைகளில் முக்கியமானது கட்டையைப் பற்றியது. மூக்கின் ஆரம்பகாலக் கீபோர்டு வெறும் சுவிட்ச்தான். மெதுவாகத் தொட்டாலும் ஓங்கிக் குத்தினாலும் ஒரே சத்தம். எந்த சுரம், கட்டையை அழுத்தியிருக்கிறதா இல்லையா, இந்த இரண்டு தகவல்தான் உள்ளே போகும். ஹார்மோனியம் வாசித்தவர்களுக்குக்கூட இது சங்கடமாக இருக்கும், அதில் குறைந்தபட்சம் துருத்தி இருக்கிறது. விரலின் வேகமும் அழுத்தமும் தெரிகிற கட்டை வேண்டும் என்று கார்லோஸ் கேட்டார், மூக் அவருக்காகச் செய்தும் கொடுத்தார். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவதை வாசிக்கும்போதே கட்டுப்படுத்தும் வசதி, ஒலியின் நிறத்தைப் பட்டை பட்டையாகச் செதுக்கும் ஃபில்டர் வரிசை, இவற்றிலும் அவர் யோசனைகள் உண்டு. அதே சமயம் கலிபோர்னியாவில் டான் புக்லா என்பவர் தன் சிந்தசைசருக்குப் பியானோ கட்டைகளே வேண்டாம், அது பழைய இசையை உள்ளே இழுத்துக்கொண்டு வந்துவிடும் என்று பிடிவாதமாக இருந்தார். கொள்கையாகப் பார்த்தால் புக்லா சொன்னதில் நியாயம் உண்டு, இன்றும் அந்தக் கட்சிக்கு ஆள் இருக்கிறார்கள். ஆனால் ஜெயித்தது விரல்.

இனி 'ஸ்விட்ச்டு-ஆன் பாக்', பழைய ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இசையை மூக்கில் வாசித்த ரெக்கார்டு. இந்த ரெக்கார்டு உருவான விதத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் 'கம்ப்யூட்டரில் பட்டனைத் தட்டினால் பாட்டு வரும்' என்று இன்றும் சொல்லித் திரிகிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்த மூக்கில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். இரண்டு கட்டையைச் சேர்த்து அழுத்தினாலும் ஒன்றுதான் ஒலிக்கும். பாக்கின் இசையோ நான்கைந்து குரல்கள், அதாவது தனித்தனி மெட்டு வரிகள், ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு போவது. ஆகவே ஒவ்வொரு குரலையும் தனித்தனியாக வாசித்து டேப்பில் அடுக்க வேண்டும். ஆம்பெக்ஸ் கம்பெனியின் உதிரி பாகங்களை வைத்துத் தானே பூட்டிய எட்டு டிராக் ரெக்கார்டரில் அடுக்கினார். ஒரு கோர்டு வேண்டுமென்றால் அதில் உள்ள சுரங்களை ஒவ்வொன்றாக, முன்னது வாசித்த அதே கால அளவுக்கு, அதே விசையில் வாசிக்க வேண்டும். ஒலியின் நிறம் மாற வேண்டுமா, ஒயர்களைப் பிடுங்கி வேறு துளைகளில் செருகி, குமிழ்களைத் திருகி, மறுபடி முதலிலிருந்து. சேமித்துவைக்கும் வசதி எதுவும் கிடையாது. போன வாரம் கிடைத்த சத்தம் இந்த வாரமும் வேண்டுமென்றால் உங்கள் காதும் நோட்டுப் புத்தகமும்தான் துணை.

இதற்கு மேல் சுருதிப் பிரச்சினை. ஒலி அலையை உண்டாக்கும் ஆஸிலேட்டர்கள் சூடானால் சுருதி விலகும். ஒரு வரி வாசித்து முடிப்பதற்குள் விலகிவிடும். ஆகவே கொஞ்சம் வாசி, நிறுத்து, சுருதி பார், சரி செய், மீண்டும் வாசி. மொத்தம் சுமார் ஐந்து மாதம், ஆயிரம் மணி நேரம் போல ஆனது என்று சொல்வார்கள். வீட்டில் லேப்டாப்பில் மூக் சாஃப்ட்வேர் ஒன்றை வைத்துக்கொண்டு பாக்கின் எஃப் மேஜர் இன்வென்ஷன் என்ற இரண்டு குரல் துண்டை இதே முறையில், ஒவ்வொரு குரலாக, தாளக் கணக்குக்குத் தானாக இழுத்துத் திருத்தும் வசதியை அணைத்துவிட்டு அடுக்கிப் பார்த்தேன். சுருதி விலகாத மெஷின், திரையில் அலைவடிவம் தெரிகிறது, தப்பினால் அழித்துக்கொள்ளலாம். அப்படியும் இரண்டு குரல் ஒன்றாக மூச்சுவிடவில்லை. கார்லோஸின் பதிவில் அவை மூச்சுவிடுகின்றன. ஒவ்வொரு சுரமும் எவ்வளவு சீக்கிரம் எழ வேண்டும், எங்கே வெட்டப்பட வேண்டும் என்று ஒருவர் முடிவு எடுத்திருக்கிறார், அது காதில் விழுகிறது.

தனியாகவும் செய்யவில்லை. ரேச்சல் எல்கிண்ட் தயாரிப்பாளர், பாக் ஆல்பம் என்ற திசைக்குத் தள்ளியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பெஞ்சமின் ஃபோக்மன் இசையியல் பக்கத்தில் உதவினார். பாக்கின் மூன்றாம் பிராண்டன்பர்க் கான்செர்ட்டோவில் நடுப்பகுதிக்கு பாக் எழுதிவைத்துப் போனது வெறும் இரண்டு கோர்டு. அந்த இடத்தை நிரப்பும் வேலையில் கார்லோஸ் தன் சொந்தச் சரக்கை இறக்கியிருப்பார். இந்த ஆல்பத்தில் எனக்குப் பிடித்த இடமே அதுதான். பாக் பக்தர்களுக்குப் பிடிக்காத இடமும் அதுதான்.

1968 அக்டோபரில் வெளியாவதற்குச் சற்று முன், அதே ஆடியோ பொறியாளர் சங்கத்தின் மாநாட்டில் மூக் இந்தப் பதிவிலிருந்து ஒரு பகுதியைப் போட்டுக் காட்டியபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. கொலம்பியா ரெக்கார்ட்ஸ் பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. அட்டைப்படத்தைப் பார்த்தாலே தெரியும்: பாக் வேஷத்தில் ஒரு நடிகர், பக்கத்தில் ஒரு மூக், ஹெட்ஃபோன் ஒயர் போக வேண்டிய துளையில் போகாமல் எதிலோ செருகியிருக்கும், சத்தமே வராது. ஆனால் ரெக்கார்டு பில்போர்டின் பொதுப் பட்டியலிலேயே பத்தாம் இடம் வரை ஏறியது. கிளாசிக்கல் பட்டியலில் வருடக்கணக்கில் முதலிடத்தை விட்டு அசையவில்லை. 1970-ல் மூன்று கிராமி. கனடாவின் பியானோ கலைஞர் கிளென் கூல்ட், பாக் வாசிப்பதில் யாரையும் லேசில் ஏற்றுக்கொள்ளாத மனிதர், கார்லோஸின் அடுத்த ஆல்பத்தில் இருந்த நான்காம் பிராண்டன்பர்க்கைத் தான் கேட்டதிலேயே சிறந்தது என்ற அளவுக்குப் புகழ்ந்தார்.

இவ்வளவு பெயர் வந்த பிறகு ஒருவர் என்ன செய்வார்? உலகம் சுற்றுவார், மேடை ஏறுவார். கார்லோஸ் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஏனென்றால் 1968-ன் தொடக்கத்திலேயே, ரெக்கார்டு வருவதற்கு முன்பே, அவர் ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்கியிருந்தார். டாக்டர் ஹாரி பெஞ்சமினிடம் போய்க்கொண்டிருந்தார். உடம்பு மாறிக்கொண்டிருந்தது, ஆனால் ரெக்கார்டு அட்டையில் பழைய ஆண் பெயர். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை, தேவையும் இல்லை. செயின்ட் லூயிஸ் சிம்பொனியுடன் மேடை ஏற வேண்டிய நாளில் ஹோட்டல் அறையில் அழுதிருக்கிறார். பிறகு ஒட்டுக் கிருதா வைத்து, விக் மாட்டி, புருவப் பென்சிலால் கன்னத்தில் தாடி முளைத்த மாதிரி புள்ளி வைத்துக்கொண்டு போனார். டிக் கேவெட்டின் டிவி நிகழ்ச்சிக்கும் இதே வேஷம்தான். ஆண் வேஷம் கட்டிய பெண்ணாக, தன் கருவியை ஊருக்கு விளக்கிக் காட்டிவிட்டு வீடு திரும்ப வேண்டும். 1972-ல் அறுவை சிகிச்சை, ஆல்பத்தில் வந்த பணம் அதற்கு உதவியது. ஊருக்குச் சொன்னது 1979 மே மாத பிளேபாய் பேட்டியில். இடையில் பத்து வருடத்துக்கு மேல்.

இந்தப் பத்து வருடம்தான் சிந்தசைசர் பாப் இசையைப் பிடித்துக்கொண்ட பத்து வருடம். ஸ்விட்ச்டு-ஆன் என்ற ஒட்டு வைத்து எது எதையோ வாசித்த ரெக்கார்டுகள் மழைக்காளான் மாதிரி வந்தன, பெரும்பாலும் குப்பை. உருப்படியான பக்கமும் இருந்தது. ராக் கீபோர்டு கலைஞர் கீத் எமர்சன் ஒரு ரெக்கார்டு கடையில் இந்த பாக்கைக் கேட்டுவிட்டுத்தான் மூக்கைத் தேடிப் போனார், பிறகு ராக் மேடையில் அந்த ஒயர் மலையையே ஏற்றினார். ஜப்பானில் இசாவோ டோமிட்டா இதைக் கேட்டு ஒரு மூக்கை இறக்குமதி செய்து, பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியின் இசையை வைத்து 1974-ல் தன் புகழ்பெற்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தார். இத்தாலியத் தயாரிப்பாளர் ஜியார்ஜியோ மொரோடருக்கும் தூண்டுதல் இதுதான், 1977-ல் டோனா சம்மரின் குரலுக்குக் கீழே மூக் துடிக்கும் அவருடைய 'ஐ ஃபீல் லவ்' பாட்டிலிருந்துதான் இன்றைய டான்ஸ் மியூசிக்கின் பாதிக் குடும்பம் பிறந்தது. இவர்கள் எல்லோரும் மேடையில் நின்றார்கள், பேட்டி கொடுத்தார்கள், ஒருவரோடு ஒருவர் சேர்ந்து வாசித்தார்கள். மூத்தவர் மட்டும் அந்தக் கூட்டத்தில் இல்லை. அவர் இருந்திருந்தால் இசை வேறு மாதிரி போயிருக்குமா என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் ஒரு வித்தை ஆளிடமிருந்து ஆளுக்குப் போவது பெரும்பாலும் பக்கத்தில் உட்கார்ந்துதான். அது நடக்கவில்லை.

பின்னாளில் கார்லோஸே சொன்னார், விஷயம் வெளியே வந்தபோது மக்கள் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை, இவ்வளவு நாள் நாடகம் தேவையே இல்லாமல் போயிற்று என்று. அது அவர் பெருந்தன்மை என்று நினைக்கிறேன். 1968-ல் அது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. இன்னொரு பக்கம், இங்கிலாந்தில் ஏஞ்சலா மோர்லி என்ற திரைப்பட இசையமைப்பாளர் அதே 1972-ல் திருநங்கையாக வெளிப்படையாகத் திரும்பிவந்து வேலையைத் தொடர்ந்தார், ஆஸ்கர் பரிந்துரைகூட இரண்டு முறை கிடைத்தது. ஆக, முடியவே முடியாத காலம் என்றும் சொல்லிவிட முடியாது. ஆளுக்கு ஆள் பயத்தின் கணக்கு வேறு.

ஒளிந்திருந்த காலத்திலும் கை சும்மா இல்லை. ஸ்டான்லி குப்ரிக்கின் 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' 1971-ல் வந்தது. அதில் பெத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியின் சேர்ந்திசைப் பகுதியை ஒரு மெஷின் பாடும். தொலைபேசிப் பேச்சைச் சுருக்கி அனுப்ப பெல் ஆய்வகத்தில் பிறந்த வோக்கோடர் என்ற நுட்பத்தை, ரேச்சல் எல்கிண்டின் குரலை உள்ளே விட்டு, பாட்டுக்குத் திருப்பினார்கள். மனிதக் குரல்தான், ஆனால் தொண்டை இல்லாத குரல். மக்கள் மிரண்டுவிடுவார்கள் என்று, காதைப் பழக்குவதற்காக 'டைம்ஸ்டெப்ஸ்' என்று ஒரு நீண்ட முன்னுரையையும் எழுதினார், கடைசியில் முன்னுரைதான் அசலைவிடக் கனமாக அமைந்தது. கிராஃப்ட்வெர்க்கின் ரோபோ குரல்கள், பிறகு வந்த எத்தனையோ வோக்கோடர் பாட்டுகள் எல்லாவற்றுக்கும் முன்னால் இது. ஷெஃபீல்டில் அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்த பையன்கள்தான் பிரிட்டிஷ் சிந்த்-பாப்பைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர்கள், ஹெவன் 17 என்ற குழு தன் பெயரையே அந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொண்டது.

1972-ல் 'சோனிக் சீசனிங்ஸ்'. இரட்டை ரெக்கார்டு, பக்கத்துக்கு ஒரு பருவம். மழை, பறவை, கடல், ஓநாய் ஒலிகளுக்கு நடுவே மூக் எங்கே நுழைகிறது எங்கே விலகுகிறது என்றே தெரியாது. சூழலோடு கலந்து பின்னணியில் நிற்கும் இந்த மாதிரி இசைக்கு ஆம்பியன்ட் என்ற பெயரோடு பிரையன் ஈனோ ஆல்பம் போட்டது 1978-ல். யார் முதல் என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை, ஆனால் ஈனோவைப் பற்றி ஒரு அலமாரி நிறைய எழுதியவர்கள் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம். குப்ரிக்கின் அடுத்த அழைப்பான 'தி ஷைனிங்' படம் 1980-ல். கார்லோஸும் எல்கிண்டும் நிறைய எழுதிக் கொடுத்தார்கள், குப்ரிக் கொஞ்சம்தான் எடுத்துக்கொண்டார், அந்தத் தொடக்கக் காட்சி இசைக்கு மட்டும் தப்ப வழியில்லை. 1982-ல் டிஸ்னியின் 'டிரான்', லண்டன் பில்ஹார்மோனிக்கும் சிந்தசைசரும் சேர்ந்து. அதில் பெயர் வெண்டி கார்லோஸ் என்றே திரையில் வந்தது.

ஒளிவது என்ற விஷயம் கார்லோஸோடு முடியவில்லை. ஸ்காட்லாந்தின் இசைத் தயாரிப்பாளர் சோஃபி 2013 வாக்கில் கிளப் இசையைத் தலைகீழாகப் புரட்ட ஆரம்பித்தபோது அது யார் என்றே யாருக்கும் தெரியாது. பேட்டிகளில் குரலை மாற்றிப் பேசினார். ரப்பர் இழுபடுவது, சோடா நுரைப்பது, தகரம் வளைவது போன்ற சத்தங்களை எங்கிருந்தும் எடுத்து ஒட்டாமல், எலக்ட்ரான் என்ற கம்பெனியின் சிந்தசைசரில் வெறும் அலையிலிருந்து வளர்த்தெடுத்தார். 2017-ல் முகத்தோடும் சொந்தக் குரலோடும் ஒரு வீடியோ வந்தது, தான் திருநங்கை என்பதும் அதோடு வெளியே வந்தது. 2018 ஆல்பத்துக்கு கிராமி பரிந்துரை. 2021-ல் ஏதென்ஸில் தவறி விழுந்து இறந்துபோனார், 34 வயது. இருவருக்கும் நேர்க்கோடு போட எனக்கு விருப்பமில்லை. ஆனால் சோஃபிக்குப் பின்னால் நிற்கும் இளையவர்களைக் கேட்டால் அவர் தங்களுக்குக் கதவு திறந்தவர் என்று சொல்வார்கள். கார்லோஸைப் பற்றி அப்படிச் சொல்லும் திருநங்கைக் கலைஞர்கள் குறைவு. கதவு திறந்தது அவர் கருவி, ஆள் உள்ளேயே இருந்துவிட்டார்.

அவர் கோபக்காரர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தன்னைப் பாடிய ஒரு பாட்டுக்காக ஸ்காட்லாந்துப் பாடகர் ஒருவர் மேல் 1998-ல் வழக்குப் போட்டார். 2020-ல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக அவருடைய வாழ்க்கை வரலாறு வந்தபோது, எழுதியவரோடு ஒத்துழைக்கவும் இல்லை, புத்தகத்தைத் தன் இணையதளத்தில் வெளுத்தும் வாங்கினார். அந்த இணையதளத்திலேயே முழு சூரிய கிரகணத்தைத் துரத்திப் போய் எடுத்த படங்களும் இருக்கின்றன, அந்தப் படங்களுக்கு வானியல்காரர்கள் நடுவே தனி மரியாதை உண்டு. பாட்டு கேட்க வழி கொடுக்கவில்லையே என்று ரசிகனாக எனக்கு வருத்தம்தான், ஆனால் சொத்து அவருடையது.

யாரும் அதிகம் பின்தொடராத அவருடைய வேலை 1986-ல் வந்த 'பியூட்டி இன் தி பீஸ்ட்', தன் முக்கியமான வேலை என்று அவரே சொல்வது. பியானோவின் சம இடைவெளிச் சுருதி அவருக்கு அலுத்துப்போயிருந்தது. அதில் காந்தாரம் இயல்பான இடத்தைவிடச் சுமார் 14 சென்ட் கூடுதல் (பியானோவில் ஒரு கட்டைக்கும் அடுத்ததற்கும் நூறு சென்ட்). தம்பூராவைச் சரியாகச் சேர்த்தால் யாரும் மீட்டாமலேயே ஒரு அந்தர காந்தாரம் கேட்குமே, அதுதான் இயல்பான இடம், நம் காதுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் கார்லோஸ் பழைய சுருதிக்குத் திரும்பிப் போவதோடு நிற்கவில்லை. மூன்றாம், ஐந்தாம் இடைவெளிகள் (நம் காந்தாரம், பஞ்சமம்) சுத்தமாக வர வேண்டும், அதற்கு விலையாக மேல் ஸட்ஜமே இல்லாமல் போனாலும் பரவாயில்லை என்று கணக்குப் போட்டுச் சில புதிய அளவுகளைக் கண்டுபிடித்து ஆல்ஃபா, பீட்டா, காமா என்று பெயர் வைத்தார்.

ஆல்ஃபாவை வீட்டிலேயே பார்க்கலாம், இசைக்கு அனுமதி கிடைக்காவிட்டாலும் கணக்குக்குக் காப்புரிமை இல்லை. சுருதி மாற்ற விடும் இலவச சிந்தசைசர் சாஃப்ட்வேர் ஏதாவது ஒன்றில் ஒரு கட்டைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 78 சென்ட் என்று வையுங்கள். ஸட்ஜமாக ஒரு கட்டை, அதிலிருந்து ஐந்தாவது, ஒன்பதாவது, மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். 390 சென்டில் காந்தாரம், 702-ல் பஞ்சமம், பெரும்பாலும் அலையாமல் நிற்கும். அப்புறம் மேல் ஸட்ஜத்தைத் தேடிப் போங்கள். பதினைந்தாவது கட்டை குறைவாக இருக்கும், பதினாறாவது தாண்டிவிடும்.